மூன்றாவது அட்டை

வெண்டல் ஹூப்பர் கெட்டவன் இல்லை. அவனுடைய ரசனைதான் கெட்டது. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறத்தை வை என்றால், உலகத்தில் எது அங்கே வரவே கூடாதோ அதைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து வைப்பான். கத்தரிப்பூ ஊதாவுக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள், அதற்கு நடுவில் க்ளிக் செய்கிற பட்டனுக்குச் செங்கல் சிவப்பு. வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

மில்வாக்கியில் ஆற்றோரம், பழைய தோல் ஆலையைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். வெப்சைட், லோகோ, பெயர்ப்பலகை எல்லாம் செய்துகொடுப்போம். நிறத்தையும் எழுத்தையும் தீர்மானிப்பது டிசைனர்கள். அவர்கள் தீர்மானித்ததை வைத்து சைட்டைக் கட்டுகிற கொத்தனார் நான். என்னை ட்ரூடி என்பார்கள். வாய் நீளம் என்றும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் முன்னால் எப்போதும் மூன்று அட்டைகளை வைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நிறக்கூட்டு, அதில் அவருடைய சைட் எப்படி இருக்கும், பலகை எப்படி இருக்கும் என்று ஒரு படம். ஒரே அட்டையை வைத்தால் "வேற காட்டுங்க" என்பார். இரண்டு வைத்தால் இரண்டையும் கலக்கச் சொல்லி உயிரை எடுப்பார். மூன்று வைத்தால் வேலை நடக்கும். முதலாவது சப்பென்று இருக்கும். இரண்டாவதுதான் நாங்கள் தலையில் கட்ட நினைப்பது. மூன்றாவது பலிகடா. அதைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுளித்துத் தள்ளுவார். தள்ளியதும் தனக்கும் ரசனை இருக்கிறது என்று ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பில் இரண்டாவதற்குத் தலையாட்டிவிடுவார்.

பலிகடா செய்வது சுலபம் என்று நினைத்தால் அது தப்பு. கோல்பி என்று ஒருவன், எங்கள் அலுவலகத்தின் செல்லப்பிள்ளை, இரண்டாவது அட்டை எப்போதும் அவனுடையது. அவனே மூன்றாவதையும் செய்து பார்த்தான். ஒரு பூட்டுக் கம்பெனிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன, கிண்டல் பண்றீங்களா?" என்று எழுந்து போய்விட்டார். வேண்டுமென்று செய்த அசிங்கம் பல்லை இளித்துவிடும். மனதார, பாசமாக, நல்லது என்று நம்பிச் செய்த அசிங்கத்தைத்தான் வாடிக்கையாளர் மதித்துத் தள்ளுவார்.

எங்கள் தலைவி மார்லா அப்படி ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வெண்டல் வேலை கேட்டு வந்தான். அதுவரை ஒரு கார்பெட் கடைக்கு விளம்பர நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தவன். அவன் கொண்டுவந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த மார்லா, அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தீங்களா? இதைச் சொல்லிக் குடுத்து வரவழைக்க முடியாது. பொறக்கும்போதே வரணும்" என்றாள். தேடிய மூலிகை காலில் சிக்கிய சந்தோஷம் அவளுக்கு. அன்றே வேலை கொடுத்தாள். எதற்கு வேலை கொடுத்தாள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. வெண்டல் உண்மையாக உழைத்தான், அதுதான் கொடுமை. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவர் இடத்துக்கே போய்ச் சுற்றிப் பார்ப்பான். சுவரை, தரையை, மேசையை, சமையல்கட்டைப் படம் பிடித்து, அங்கிருந்தே நிறங்களை எடுப்பான். சட்டைப்பையில் பெயின்ட் கடையில் கொடுக்கும் நிறச்சீட்டுகள் எப்போதும் ஒரு கற்றை இருக்கும். அட்டைகளைக் காட்டுகிற அன்று நல்ல சட்டை போட்டு வருவான். நாங்கள் வாடிக்கையாளரோடு கண்ணாடி அறைக்குள் போனதும் தன் மேசையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பான். உள்ளே போகாதவர்கள், மூன்றாவது அட்டையை வாடிக்கையாளர் எவ்வளவு சீக்கிரம் தள்ளுவார் என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் எல்லாருக்கும் காப்பி வாங்கவேண்டும். வெண்டலுக்கும் ஒரு காப்பி வரும். என்ன விசேஷம் என்று கேட்காமல் நன்றி சொல்லிக் குடிப்பான்.

நாங்கள் வெளியே வந்ததும் அவன் மார்லாவிடம் கேட்பான்: "எப்படிப் போச்சு?"

"நூலிழையில போச்சு வெண்டல். கடைசிவரைக்கும் உன்னோடதைத்தான் கையில வெச்சிருந்தாரு."

"அப்ப அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அதான் வேணும். நீ எதையும் மாத்திக்காதே, இப்படியே பண்ணு."

அவன் ஆசைப்பட்டது பெரிய விஷயம் இல்லை. பட்டம், பதவி, சம்பள உயர்வு எதையும் அவன் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் மனைவி டார்லீன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அவனோடு காரில் போகும்போதெல்லாம் சாலையோரப் பலகைகளைக் காட்டி, "இது உன்னோடதா?" என்று கேட்பாளாம். இல்லை என்று இவன் சொல்லவேண்டும். அடுத்த சிக்னலில் இன்னொன்றைக் காட்டுவாளாம். என்றாவது ஒருநாள் "ஆமா, என்னோடது" என்று சொல்லிவிடவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதை அவனே என்னிடம், மதியச் சாப்பாட்டு ரொட்டியைப் பிரித்துக்கொண்டே, வெட்கத்தோடு சொன்னான். எனக்கு மேலே சாப்பிடப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கஸ் லிண்ட்னர் வந்தார். ஊரின் தென்புறத்தில் அவருடைய அப்பா கட்டிய, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் கூடம். எழுபது வயசு, தலையில் தொப்பி, கை ஒவ்வொன்றும் ரொட்டி வெட்டும் பலகை மாதிரி. சைட், பலகை, மெனு கார்டு எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டும் என்று மகள் நச்சரித்ததால் வந்திருந்தார். வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. டார்லீன் செவ்வாய்க்கிழமைதோறும் பெண்கள் குழுவோடு பந்து உருட்டுவது அந்தக் கூடத்தில்தான். அவளுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே ஒவ்வொரு மூலையும் இவனுக்கு மனப்பாடம்.

அவன் செய்த அட்டையைப் பார்த்தேன். நாச்சோ வறுவல் மேல் ஊற்றுகிற சீஸின் ஆரஞ்சு, பழைய தரைவிரிப்பின் பாசிப்பச்சை, பந்துகளின் ஊதா, உருட்ட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வாடகை ஷூவின் தவிட்டு நிறம். நான்கும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு வருத்தப்பட்டுக் கதையை மாற்றிச் சொல்கிறவள் நான் இல்லை, அது அசிங்கம்தான். கோல்பி செய்தது கருநீலமும் வெள்ளையும், ஓரத்தில் மெல்லிய வெள்ளிக்கோடு. அழகாக இருந்தது. அதுவும் உண்மை.

மார்லா வழக்கம்போல முதல் அட்டை, இரண்டாவது அட்டை என்று வரிசையாக வைத்தாள். கஸ் கொட்டாவி விட்டார். மூன்றாவதை வைத்ததும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது."

"இது வந்து, கொஞ்சம் துணிச்சலான ஒரு..." என்று மார்லா ஆரம்பித்தாள்.

"துணிச்சல் என்னம்மா துணிச்சல், இது என் வீடு. இந்தா, இது வாடகை ஷூ. இது எங்கப்பா போட்ட கார்பெட்டு. இந்த ஆரஞ்சை நான் தினம் ராத்திரி கவுன்டர்லருந்து சுரண்டித் தொடைக்கிறேன். எவன் பண்ணான் இதை?"

கூப்பிட்டு அனுப்பக்கூட விடவில்லை. அட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு அவரே வெளியே வந்து, மேசை மேசையாகக் கேட்டு, வெண்டலைக் கண்டுபிடித்தார். அவன் எழுந்து நின்றான். கஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் சட்டைப்பையிலிருந்த நிறச்சீட்டுகள் கீழே சிதறின.

"உன் பொண்டாட்டி டார்லீன்தானே? இடது கையால உருட்டுவாளே? அவகிட்ட சொல்லு, இனிமே அவ ஷூவுக்கு வாடகை கிடையாது."

கஸ் போனதும் வெண்டல் சீட்டுகளைப் பொறுக்கக்கூட இல்லை. போனை எடுத்தான். "டார்லீன், எடுத்துட்டாங்க... ஆமா, நம்ம கஸ்தான்... என்னோடதேதான். ஆரஞ்சு. காருக்குள்ளருந்தே தெரியும் பாரு. எல்லார்கிட்டயும் சொல்லிக்கோ." கோல்பி திரையைப் பார்த்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மார்லா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். பலகை நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கப்போகிறது. கீழே எங்கள் பெயர் இருக்கும். பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்றாள். அந்த வெள்ளிக்கிழமையே, ஊர் வழக்கப்படி, கஸ்ஸை ஓட்டலில் மீன் வறுவல் சாப்பிட அழைத்துப்போனாள். சைட் எப்போது தயாராகும் என்று அவர் கேட்டால் சொல்வதற்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ் எல்லாம் வந்தன. கஸ் இரண்டாவது பிராந்தி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"கஸ், ஒரு உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மூணாவது அட்டை, எடுக்கறதுக்காக வெச்சது இல்ல."

"பின்னே?"

"தள்ளறதுக்காக வெச்சது. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. மத்த ரெண்டும் பளிச்சுன்னு தெரியணும்ல."

கஸ் முள்ளை வாயிலிருந்து எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார். "அந்த ஆளு? அவன் நல்லா இருக்குன்னு நெனச்சுப் பண்ணலையா?"

மார்லா கண் இமைக்காமல் சொன்னாள்: "வெண்டலா? அதான் அவனோட வேலையே. வேணும்னே பண்ணுவான். இந்த ஊர்லயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது."

கெட்டிக்காரி. உண்மையைச் சொன்னால் கஸ் சண்டைக்கு வருவார். பொய்யைச் சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தார். ஊரெல்லாம் தள்ளுவதற்கென்று வைத்ததைத் தான் ஒருத்தன் மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டோமே என்று நினைத்திருப்பார். "அந்த நீலத்தையே போடுங்க" என்றார். அதற்குப் பிறகு மீனைத் தொடவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்தார். போட்டுவிட்டுப் பேசாமல் போயிருந்தால் தொலைந்தது. நல்ல மனிதர், பாவம், நேராக வெண்டலின் மேசைக்குப் போனார். முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பலே கில்லாடிய்யா நீ. என்னையே கவுத்திட்டியே."

வெண்டல் சிரித்தபடி திரும்பினான். "என்ன கஸ்?"

"நடிக்காதே, மார்லா எல்லாத்தையும் சொல்லிட்டா. தூக்கிப் போடறதுக்குன்னே பண்றியாமே நீ. அடேங்கப்பா, அந்தப் பச்சை. மனுஷன் மனசார அப்படி ஒரு பச்சையை வைப்பானா? நான் பைத்தியக்காரன், வீடுன்னு சொல்லி உளறிட்டேன். எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறே?"

வெண்டல் சுற்றிலும் பார்த்தான். கோல்பி திரையைப் பார்த்தான். மற்ற எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பை அவன் கீழே இறக்கவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"ஒன்பது வருஷமாச்சு கஸ். என்ன பண்றது, தொழில்."

"பெரிய ஆளுதான்" என்று இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு அவர் போனார்.

அதன் பிறகு வெண்டல் கம்ப்யூட்டரில் தன் பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்தான்.

"ட்ரூடி, எப்பலருந்து?"

"நீ வந்த நாள்லருந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"காப்பி மெஷின் ரிப்பேர் பண்ண வர்றவனுக்குக்கூடத் தெரியும்."

பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு ஆத்திரம், யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அது அவன்மேலேயே விழுந்தது. அவன் தலையாட்டிக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினான்.

கூடத்தில் புதுப் பலகை ஏறிய அன்று கஸ் எங்கள் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். பீர் இலவசம், பந்து இலவசம். செவ்வாய்க்கிழமை என்பதால் டார்லீனின் குழுவும் இருந்தது. நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது அவள் பந்துப் பையைத் தோளில் மாட்டியபடி வந்தாள். நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். கருநீலம், வெள்ளை, வெள்ளிக்கோடு.

"வெண்டல், ஆரஞ்சு எங்க?"

வெண்டல் அவளிடம் சொல்லவே இல்லை. அத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சொல்லவில்லை.

"ஆரஞ்சு லீவுல போயிருக்கு" என்றான் கோல்பி. நாலைந்து பேர் பீரைத் துப்பிச் சிரித்தார்கள்.

"மாத்திட்டோம், டார்லீன்" என்றான் வெண்டல்.

"மாத்திட்டோம்னா? நீயா மாத்தினே?"

அவன் கோல்பியைப் பார்த்தான். கோல்பி புருவத்தைத் தூக்கினான், சொல்லு பார்க்கலாம் என்கிற மாதிரி.

"ஆமா, நான்தான்."

"நல்லா இருக்குடா. ஆரஞ்சைவிட இது நல்லா இருக்கு" என்று சொல்லி அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு உள்ளே போய், தன் குழுப் பெண்களையெல்லாம் வாசலுக்கு இழுத்துவந்து காட்டினாள். "எம் புருஷன் போட்டது. பாருங்க, எவ்வளவு பாங்கா இருக்கு." வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். அவர்கள் வெண்டலைப் பாராட்ட, அவன் நன்றி சொல்ல, கோல்பி அவன் பக்கத்திலேயே நின்று, "கிரேட் ஒர்க், வெண்டல்" என்று கை குலுக்கினான்.

அவன் வேலையை விட்டுப் போய்விடுவான் என்று நினைத்தோம். போகவில்லை. முதலிலேயே எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொண்டான். மார்லாவிடம் போய், "இந்தத் தடவை எவ்வளவு மோசமா வேணும்?" என்று கேட்டான். அவள் திடுக்கிட்டாள். அவனுக்கு வேண்டியது அதுதான் போலிருக்கிறது. கவுரவமாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு, தெரிந்தே, வேண்டுமென்றே அசிங்கம் செய்ய உட்கார்ந்தான்.

ஆனால் அந்த அசிங்கம் வரவில்லை. பல் டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குச் செய்த அட்டையில், ஈறு நிறத்துக்கு மேல் மஞ்சள் எழுத்தை ஏற்றியிருந்தான். மூத்த டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களைக் கேலி பண்ண ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது எதிர்ப்பக்கம் சாய்ந்து, சாம்பலும் நீலமுமாக, யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடியதாக இருந்தது. வாடிக்கையாளர் மூன்று அட்டைகளையும் பார்த்து, "மூணும் ஒண்ணுதானே?" என்றார்.

மார்லா அவனைக் கூப்பிட்டாள். அறைக் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"வெண்டல், உன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அது போயிடுச்சு."

"நான் கத்துக்கறேன் மார்லா. நல்லதா பண்ணிப் பாக்கறேன்."

"நல்லதுக்குக் கோல்பி இருக்கான். சுமாருக்கு ஊரே இருக்கு. நீ மோசமா இருந்தேல்ல, அதுக்குத்தான் உனக்கு இங்க இடம்."

வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசி நாளன்று கேக் வெட்டுவது எங்கள் வழக்கம். மளிகைக் கடையில் சொல்லிச் செய்த பெரிய சதுரக் கேக். கோல்பிதான் ஏற்பாடு. மூடியைத் திறந்ததும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆரஞ்சு, பாசிப்பச்சை, ஊதா, ஓரமெல்லாம் தவிட்டு நிறம். கஸ்ஸின் அட்டை, அச்சு அசலாக.

வெண்டல் குனிந்து நிதானமாகப் பார்த்தான்.

"ஊதா கொஞ்சம் வெளுத்துப் போச்சு. மத்ததெல்லாம் சரியா வந்திருக்கு" என்றான். பிறகு, "என்னோடதுல இதுதான் முதல்ல வெளிய வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தான். கோல்பியைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரித்தது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

"டார்லீனுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போயேன்" என்றாள் மார்லா.

"வேண்டாம். இது யாரோடதுன்னு கேப்பா."

கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் பெரிய பையோடு. வெண்டலின் இடத்துக்கு வந்திருந்தவள்; பெயர் வினோனா. மார்லா காலையிலேயே அவளுடைய மாதிரிகளைப் பார்த்துவிட்டு என் காதில், "தங்கம்டி, சொக்கத் தங்கம்" என்று சொல்லியிருந்தாள். யாரோ மரியாதைக்கு அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவள் தட்டை வாங்கி, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ன அழகு இந்தக் கலர். யாருங்க தேர்ந்தெடுத்தது?"

கோல்பி தூணுக்குப் பின்னால் ஓடிப்போய்விட்டான். மார்லாவின் கண்கள் மின்னின.

"நான்தான்" என்றான் வெண்டல்.

"இந்தப் பச்சை பக்கத்துல ஆரஞ்சு... எனக்கு இப்படியெல்லாம் தோணியிருக்கு, ஆனா யாரும் பண்ண விட்டதில்ல." அவள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இங்க எப்படி, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இடம் குடுப்பாங்களா? எனக்கு இந்த வேலை ரொம்ப வேணும்."

நாங்கள் எல்லாரும் முள்கரண்டியை வாயில் வைத்தபடி நின்றோம். அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு தப்பித்துப் போய்விடுவாள். சொல்லித் தொலைடா என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவன் தன் தட்டிலிருந்த கடைசித் துணுக்கை வழித்துச் சாப்பிட்டான்.

"உன் பையில இருக்கறதை அப்படியே காட்டு. எதையும் மாத்திக்காதே" என்றான். "கண்டிப்பா எடுத்துப்பாங்க."

அவள் பச்சை க்ரீமில் ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். சிரித்தபோது அவள் பல்லெல்லாம் பச்சையாக இருந்தது. மார்லா கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டாள். வெண்டல் சட்டைப்பையிலிருந்த நிறச்சீட்டுக் கற்றையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, லிஃப்ட் பக்கம் நடந்தான்.